கைநாட்டுக்கு மேலே உள்ள பத்தி

மருத்துவ ஆராய்ச்சியின் அறச்சிக்கல்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்களான நாம் பெரும்பாலும் அமெரிக்காவின் டஸ்கிகீயில் போய் நிற்கிறோம். 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களிடம் நோய் இன்னதென்று சொல்லவில்லை. 1940களின் கடைசியில் பென்சிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. உடம்பு எப்படிக் கெடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய வரலாறுதான். ஆனால் அதில் தடுமாறுவதற்கு எதுவும் இல்லை. அது கொடுமை என்று சொல்ல ஒரு வரி போதும், மீதிப் பக்கங்களைக் கோபத்தால்தான் நிரப்ப வேண்டும். சிக்கல் என்றால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கணும், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாரோ ஒருவர் எதையோ இழக்கணும். அதைத் தேடிக் கடல் தாண்டத் தேவையில்லை. வடசென்னையின் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வளர்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நோயிலேயே அது இருக்கிறது.

1956இல் இதே சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என நான்கு தரப்பும் சேர்ந்து நடத்தியது. சேத்துப்பட்டில் இன்று காசநோய்க்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அவர்கள் எடுத்த முதல் கேள்வி: காசநோயாளியைச் சானடோரியம் என்ற தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் ஒரு வருடம் படுக்கவைத்துத்தான் குணமாக்க வேண்டுமா, வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்தால் ஆகாதா? சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரண்டு மருந்துகள், 12 மாதம். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, நர்ஸ் கவனிப்பு. மறு பிரிவினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். சத்துக் குறைந்த சாப்பாடு, பலருக்கு வேலைக்கும் போக வேண்டிய நிலை. 1959இல் முடிவு வெளியானது. இரண்டு பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவு குணமடைந்திருந்தன. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை என்பதும் தெரிந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

முடிவு தெரிந்த பிறகு இது எளிதாகத் தெரியும். கட்டுரை எழுதுபவர் 1956இல் போய் நிற்க வேண்டும். சளியில் கிருமி இருக்கும் ஒருவரை, ஒரே அறையில் பிள்ளைகள் படுத்திருக்கும் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கையெழுத்தோ கைநாட்டோ நோயாளியுடையது, ஆபத்து பக்கத்தில் படுத்திருப்பவருக்கு. மறு பக்கத்தையும் அதே அக்கறையோடு எழுதணும். சானடோரியப் படுக்கைகள் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எந்த வகையிலும் போதாதவை. ஆய்வே நடக்காவிட்டாலும் பெரும்பாலானவர்கள் வீட்டில்தான் கிடந்திருப்பார்கள், மருந்தும் இல்லாமல். ஆய்வு சேர்த்த ஆபத்து எவ்வளவு, ஏற்கெனவே அங்கே இருந்த ஆபத்து எவ்வளவு என்று இரண்டையும் பிரித்துக் காட்டும் பத்திதான் இந்தக் கட்டுரையின் உயிர். அதை எழுதாமல் தன்னாட்சி (தனக்கு எது வேண்டும் என்று தானே முடிவெடுப்பது), நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு கோட்பாடுகளை நான்கு துணைத்தலைப்புகளாகப் போட்டு நிரப்புவது நம் கல்லூரிகளில் பரவலாக இருக்கும் பழக்கம். நான்கும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் எழுத விஷயம் இருக்கிறது. தனித்தனிப் பெட்டியில் போட்டால் மோதல் கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு எச்சரிக்கை. மனிதர்கள் மேல் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான உலக அறநெறியான ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது 1964இல். அதை வைத்து 1956ஐ நேரடியாகக் குற்றம்சாட்ட முடியாது. ஆனால் அதே நோக்கத்தோடு வந்த 1947இன் நியூரம்பெர்க் விதிகள் அப்போதே இருந்தன, பத்தில் முதல் விதியே சுய சம்மதம்தான். எது அப்போது தெரிந்திருந்தது, எது பின்னால் வந்தது என்று ஆண்டு போட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கட்டுரையைத் தொடங்கினால் பாதித் தவறுகள் வராது.

சேத்துப்பட்டின் அதே நிறுவனம் பங்கேற்ற, நம் காலத்து ஆய்வு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கி, 2023இல் முடிவு வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வு. 2,800 காசநோயாளிகளின் வீட்டில் இருந்த 10,345 பேரைப் பின்தொடர்ந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பை கிடைத்தது. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு ஒரு பிரிவில் மட்டும் மாதம் பெரியவர் ஒருவருக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. மறு பிரிவில் வீட்டாருக்கு எதுவும் இல்லை. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பசித்த உடம்பில் காசநோய் சீக்கிரம் ஏறும் என்பது மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். தெரிந்த ஒன்றை நிரூபிக்க ஒரு பிரிவுக்கு அரிசி கொடுக்காமல் இருக்கலாமா? ஆய்வுக் குழுவின் பக்கத்திலும் வலுவான பதில் உண்டு. பசி கெடுதல் என்று தெரியும், ஆனால் எவ்வளவு உணவு கொடுத்தால் எவ்வளவு குறையும் என்ற எண் யாரிடமும் இல்லை. எண் இல்லாமல் எந்த அரசும் கோடிக்கணக்கான குடும்பங்களுக்குப் பணம் ஒதுக்காது. என்னைக் கேட்டால் இந்த ஆய்வு நடந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த எண்ணுக்கான விலையை அரிசி கிடைக்காத பிரிவின் குடும்பங்கள் கொடுத்தன என்ற வாக்கியமும் அதே பக்கத்தில் இருந்தாக வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய திண்டுக்கல், உஸ்மானாபாத், மும்பை ஆகிய இடங்களில் நடந்த பெரிய ஆய்வுகளிலும் இதே கேள்விதான் எழுந்தது. ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்குப் பரிசோதனை இல்லை. நாட்டில் வழக்கமாக யாருக்கும் இல்லாத வசதி அது என்பது ஒரு தரப்பு. வழக்கம் மோசமாக இருப்பதை ஆய்வு தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாமா என்பது மறு தரப்பு.

எந்த ஆய்வை எடுத்தாலும், எழுத உட்காரும் முன் சில விவரங்கள் கையில் இருக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவுக்கு உண்மையில் என்ன கிடைத்தது? ‘வழக்கமான சிகிச்சை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ஊரில், அந்த வருடத்தில் வழக்கம் என்னவென்று தேடணும். பணம் யாருடையது? சம்மதம் எந்த மொழியில், யார் முன்னால், யாருடைய கையெழுத்தோடு வாங்கப்பட்டது? ஆய்வு முடிந்த மறுநாள் அந்த மருந்து பங்கேற்றவர்களுக்குக் கிடைத்ததா? இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை, முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2009 ஜூன் 15 முதல் அது கட்டாயம். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே பதிந்திருக்கும் முதன்மை நோக்கத்தையும் கடைசியில் வெளியான கட்டுரையின் முதன்மை நோக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது ஒரு மணி நேர வேலை. இரண்டும் வேறாக இருந்தால் அங்கேயே ஒரு கட்டுரை தொடங்கிவிடுகிறது.

சம்மதம் யாருடையது என்ற கேள்விக்கு 2009-10இல் நடந்த, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தை மறக்கக் கூடாது. அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் விடுதிகளில் தங்கிப் படித்த பல சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டிருந்தது வெளியே வந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. இங்கே மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஊசி கொன்றது என்று எழுதினால் உண்மைக்கு மாறு. ஊசி கொல்லவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்று எழுதினால் அறத்துக்கு மாறு. தடுப்பூசி நல்லது, சம்மதம் வாங்கிய விதம் தவறு என்ற இரண்டையும் ஒன்றாக எழுதிக் காட்ட வேண்டும்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா செய்த ஆய்வு இன்னும் கடினமானது. நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை அது கண்டுபிடித்தது. ரத்தம் கொடுத்தவர்கள் மயிலாப்பூர்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்கள். எதற்காக எடுக்கிறார்கள் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஏதோ பால்வினை நோய்க்கு என்றுதான் நினைத்தார்கள். அந்த ஆய்வு காப்பாற்றிய உயிர்களை எண்ணி முடியாது. ஆனால் தண்டனைக் காலம் முடிந்தும், எச்.ஐ.வி. இருந்ததால் காப்பகத்தைவிட்டு வெளியே விடப்படாத பெண்களுக்காகப் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அடைபட்டிருப்பவரால் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியுமா என்பதை இதைவிட நன்றாகக் கேட்கும் உதாரணம் நம் ஊரில் வேறில்லை.

இனி கைநாட்டு விழும் தாளுக்கு வருவோம். ஆய்வில் சேர்பவருக்குக் கொடுக்கும் தகவல் தாளும் கன்சென்ட் ஃபார்மும். ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் பெயர்த்து, அதை வேறொருவர் மறுபடியும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, முதல் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நடைமுறை. மூன்று தாளும் பொருந்தினால், ஆய்வுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவான எதிக்ஸ் கமிட்டிக்குப் போகும். பொருந்துவதாலேயே புரிந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். படித்தவர் தமிழாக்கியதைப் படித்தவர் திருப்பி ஆங்கிலமாக்கினால் பொருந்தத்தான் செய்யும்.

‘பரிசோதனை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ரத்தப் பரிசோதனை, சளிப் பரிசோதனை என்று ஓபியில் தினமும் புழங்கும் சொல் அது. ‘இந்தப் பரிசோதனையில் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்’ என்று எழுதினால், ஏதோ டெஸ்ட் எடுக்கப் போகிறார்கள் என்றுதான் கொருக்குப்பேட்டைக்காரர் எடுத்துக்கொள்வார். ‘ஆய்வு’ என்றால் அதிகாரி வந்து ஆய்வு செய்வது. ‘ஆராய்ச்சி’ என்ற சொல் மட்டும்தான் ‘இன்னும் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள்’ என்ற பொருளை நேராகக் கொண்டுபோகிறது. அதை முதல் வரியிலேயே போட வேண்டும். பிளாசிபோவைப் ‘போலி மருந்து’ என்று பெயர்ப்பது அதைவிட ஆபத்து. போலி மருந்து என்றால் செய்தித்தாளில் போலீஸ் பிடிக்கும் சரக்கு. ‘மருந்து எதுவும் இல்லாத மாத்திரை, பார்க்க அதே மாதிரி இருக்கும், இரண்டில் எது உங்களுக்கு வருகிறது என்று டாக்டருக்கும் தெரியாது’ என்று மூன்று துண்டாக உடைத்துச் சொன்னால் நீளம்தான், ஆனால் யாரும் பயப்பட மாட்டார்கள், ஏமாறவும் மாட்டார்கள். ‘சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு’ என்பதற்குக் ‘குலுக்கல்’ போதும். சீட்டுக் குலுக்கல் தெரியாத வீடு இந்தப் பக்கம் கிடையாது. ஆனால் குலுக்கலில் பெயர் விழுந்தவருக்குத்தான் லாபம் என்ற எண்ணமும் அந்தச் சொல்லோடு வரும். அதனால் அடுத்த வரியிலேயே, எந்தப் பிரிவு மேல் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது என்று எழுதணும். 5 மில்லி ரத்தம் என்பதை ஒரு டீஸ்பூன் என்றும், பக்க விளைவை 0.3 சதவீதம் என்பதற்குப் பதில் 1,000 பேரில் 3 பேருக்கு என்றும் எழுதணும்.

2019இன் புதிய மருந்து மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, அந்த ஃபார்மில் ஆண்டு வருமானமும், வாரிசாக நியமிப்பவரின் பெயரும் கேட்கப்படும். ‘நியமனதாரர்’ என்று அச்சிட்டால் யாருக்கும் புரியாது. ‘வாரிசு’ என்றால் ‘அப்போ நான் செத்துடுவேனா?’ என்று எழுந்து போய்விடுவார்கள். பேங்க் பாஸ்புக்கில் பழகிய ‘நாமினி’யே சரி. ஏன் கேட்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதனையால் இறப்பு நேர்ந்தால் இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: 8 லட்சத்தை வயதுக் காரணியாலும் ஆபத்துக் காரணியாலும் பெருக்கி 99.37ஆல் வகுக்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவருக்கு வயதுக் காரணி 99.37. ஆறு மாதத்துக்கு மேல் பிழைக்க மாட்டார் என்ற நிலையில் உள்ளவருக்கு ஆபத்துக் காரணி 0.5. கணக்குப் போட்டால் 4 லட்சம். 16 வயதுக்கு உட்பட்டவருக்கு வயதுக் காரணி 228.54, நல்ல ஆரோக்கியத்தோடு சேர்ந்தவருக்கு ஆபத்துக் காரணி 4. பெருக்கினால் ஏறத்தாழ 73 லட்சத்து 60 ஆயிரம். ஓர் உயிருக்கும் இன்னோர் உயிருக்கும் நடுவே இருக்கும் இந்த வித்தியாசம் நியாயமா என்று முழுக் கட்டுரையே எழுதலாம், எழுதவும் வேண்டும்.

படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி முழு விளக்கத்தின்போதும் கூடவே இருந்து கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். விளக்கமெல்லாம் முடிந்த பிறகு, பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரைக் கூப்பிட்டு ‘ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே’ என்று வாங்கினால் தாள் சரியாக இருக்கும், சம்மதம் இருக்காது. தாளின் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தாக வேண்டும் என்பதிலும் வடசென்னையில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒற்றை அறை ஹவுசிங் போர்டு வீட்டில் அந்தத் தாள் எங்கே இருக்கும்? மேலே பெரிய எழுத்தில் ‘எச்.ஐ.வி.’ என்றோ ‘காசநோய்’ என்றோ அச்சிட்டிருந்தால் மாமியாரும் பக்கத்து வீட்டாரும் படிப்பார்கள். ‘ரகசியம் காக்கப்படும்’ என்று உள்ளே எழுதிவிட்டுத் தலைப்பிலேயே அதை உடைப்பது நடக்கிறது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவுக்குள் வரும் களப்பணியாளரும் அப்படித்தான். வீட்டுக்கு வரலாமா, வேறெங்காவது சந்திக்கலாமா என்று ஃபார்மிலேயே ஒரு கேள்வி வைத்தால் தீரும்.

பணமும் இப்படித்தான். வந்துபோகும் செலவையும், இழக்கும் நேரத்துக்கும் சிரமத்துக்கும் நியாயமான தொகையையும் கொடுக்கலாம். தொகைக்காகவே ஆபத்தை ஏற்கும் அளவுக்குப் போகக் கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகளின் நிலை. எண்ணூரிலிருந்து வரும் பெண்ணுக்குச் சாதாரண அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. அவருக்குப் போக்குவரத்துச் செலவு பூஜ்யம் என்று கணக்கெழுதுவது எளிது. ஆனால் அரை நாள் மீன் விற்பனை போகும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மறு பக்கம், மூட்டை தூக்குபவரின் ஒரு நாள் கூலியைவிட அதிகமாகக் கொடுத்தால், இருக்கும் நோயை மறைத்துவிட்டுச் சேர ஆள் வரும். அப்போது அவருக்கும் ஆபத்து, ஆய்வின் முடிவும் கெடும். எந்தத் தொகை சரி என்பதற்கு நாடு முழுக்கப் பொருந்தும் எண் கிடையாது. அந்தந்தத் தெருவின் கூலி தெரிந்த ஒருவர் எதிக்ஸ் கமிட்டியில் இருக்க வேண்டும். சாமானியர் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

காலமும் அறத்தோடு சேர்ந்ததுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போது காசிமேட்டில் ஆட்களைச் சேர்ப்பது சுலபம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். ஜூன் 15க்குப் பிறகு மாதாந்திரப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் அவர் நடுக்கடலில் இருப்பார். தாளில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று விழும். மருந்து சாப்பிட்டவரின் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியாமல் போனது அவர் குற்றமா, காலண்டரைப் பார்க்காமல் திட்டமிட்டவரின் குற்றமா? ‘பின்தொடர முடியாதவர்கள்’ என்ற வரி ஆய்வுக் கட்டுரைகளில் எங்கே வந்தாலும் நின்று படியுங்கள். கரையோரக் குடிசைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம் கூட அந்த வரிக்குள் இருக்கலாம்.

நாமே யாரையாவது பேட்டி எடுத்து எழுதுவதென்றால், கமிட்டியின் அனுமதி முன்னாடியே வேண்டும். எழுதி முடித்த பிறகு வாங்க வழியில்லை. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்பதும் தவறு. ‘ராயபுரம், 34 வயது, படகு மெக்கானிக், மூன்று பெண் பிள்ளைகள், மருந்துக்குக் கட்டுப்படாத டிபி’ என்று எழுதினால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். வயதை ‘முப்பதுகளில்’ என்றும், இடத்தை ‘வடசென்னை’ என்றும் விரித்துவிட்டு, தொழில், பிள்ளைகள் இரண்டில் வாதத்துக்குத் தேவைப்படாததை எடுத்துவிடலாம். வாதத்துக்கு இரண்டுமே தேவை என்றால், எழுதியதை அவரிடமே படித்துக்காட்டிக் கேட்க வேண்டும்.

ஒரு தகவல் தாள் தேறுமா என்று பார்க்க, எட்டாவது வரை படித்த, மருத்துவத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு நான்கு கேள்விகள் கேளுங்கள். இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? உங்களுக்கு எந்த மருந்து என்று யார் முடிவு செய்கிறார்கள்? நடுவில் நிறுத்தினால் இதே ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்குமா? உடம்புக்கு ஏதாவது ஆனால் யாருக்குப் போன் போடுவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு ‘எனக்கு எது ஒத்துக்கும்னு பார்த்து டாக்டரே குடுப்பாரு’ என்று பதில் வந்தால், குலுக்கல் பத்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. அந்தப் பத்தியைத் திருத்தி எழுதிவிட்டு, இந்த முறை வேறொருவரிடம் படித்துக்காட்டுங்கள். முதலாமவருக்குப் பதில் இப்போது தெரிந்திருக்கும்.